கிணற்றுக்குக் கட்டிய வேப்பிலை

ஜப்பான்காரன் காலத்தில், 1943 மழைக்காலத்தில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஆறு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் முன்பே ஓடிவிட்டார். எட்டுப் பேரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். மருந்து கட்டும் டிரெஸ்ஸர் பரஞ்சோதிதான் இப்போது எல்லாம். ஆயா மருதம்மாளுக்கு வயது இருபத்து நான்கு.

வாந்திபேதி பரவி ஒன்பதாம் நாள். படுக்கை முப்பது, கிடந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அன்றன்று யார் எந்த வார்டு, எந்தத் தண்ணீர், எந்தத் துணியைக் கொளுத்துவது என்று பரஞ்சோதி வாசல் பலகையில் எழுதி வைப்பார். ஆறு பேரில் படிக்கத் தெரிந்தவர்கள் அவரும் மருதம்மாளும் மட்டுமே. அவள் படித்துச் சொல்லுவாள். அவள் வீட்டுக்குப் போன பிறகு வேலைக்கு வருகிறவர்களுக்குப் பலகை வெறும் பலகை.

அன்று காலை பலகையில் ஒரே வரி: லயத்துக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. மழையில் கக்கூஸ் நீர் அதில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த முதல் லயத்துக்கும் அதுதான் கிணறு. இனி ஆற்றுநீரைச் சுமந்து வந்து காய்ச்ச வேண்டும்.

மத்தியானம் மருதம்மாள் பார்த்தபோது மூன்று பெண்கள் அந்தக் கிணற்றில் வாளி இறைத்துக்கொண்டிருந்தார்கள். கத்தினாள். போனார்கள். அவள் திரும்பியதும் வேறு இரண்டு பேர் வந்தார்கள். நாள் முழுவதும் கிணற்றடியில் நிற்க அவளால் முடியாது.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் வெளியாள் உள்ளே கால் வைப்பதில்லை. அது அவள் கண்ணால் கண்டது. கோயில் மரத்தில் நாலு கொத்து ஒடித்துக் கிணற்றுத் தூணில் கட்டினாள். இனி யாரும் வர மாட்டார்கள். நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை தூணில் மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தது. பெண்கள் ஈரத் தலையோடு குடங்களுடன் வரிசையில் நின்றார்கள். வார்டுக்குள் ஓடினாள். கூட வேலை பார்க்கும், முந்தின இரவு முறைக்கு வந்த ராக்காயி ஒரு செம்பை ஏந்தி நின்றாள்.

“வா புள்ள, வாயத் தொற. ஆத்தா கெணத்துலயே வந்து எறங்கிட்டா. தீர்த்தம்.”

“நீ குடிச்சியா?”

“குடிக்காம? எங்கையாலதான் லயத்துல பதினோரு பேருக்கு ஊத்திக் குடுத்தேன்.”

மருதம்மாள் செம்பைப் பிடுங்கித் தரையில் ஊற்றினாள்.

பரஞ்சோதியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீ கட்டுனேன்னு வெளிய சொல்லாதம்மா. நாலு பேரு செத்தா உன்னத்தான் அடிப்பாங்க. ஆஸ்பத்திரி சொல்லுதுன்னு சொல்லிக்கலாம்.”

“ஆஸ்பத்திரி சொல்றத யாருங்கய்யா கேக்குறா? ஆத்தா சொன்னான்னு குடிக்கிறாங்க. நாந்தான் கட்டுனேன்னு தெரிஞ்சாத்தான் விடுவாங்க.”

அவர் மறுபடி தடுக்கவில்லை.

வெயில் ஏறுமுன் பிரட்டுக்களத்துக்குப் போனாள். வேலைக்குப் போகுமுன், ஆட்களை மேற்பார்க்கும் தண்டல் பெயர் கூப்பிடும் இடம் அது. இருநூறு பேர் வாளியும் பால்வெட்டும் கத்தியுமாக நின்றார்கள். பெண்கள் தீர்த்தக் குடங்களையும் கூடவே கொண்டு வந்திருந்தார்கள். தண்டல் பழனியாண்டியிடம் கேட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

“கெணத்துல வேப்பில கட்டுனது நாந்தான். ஆத்தா இல்ல. தண்ணி கெட்டுப்போச்சு, யாரும் எடுக்கக் கூடாதுன்னு கட்டுனேன். குடிக்காதீங்க.”

“ஏன்டி, விரதம் இருந்து கட்டுனியா?” என்றாள் ஒருத்தி.

“இல்ல. பழைய கெழங்கத் தின்னுட்டுக் கட்டுனேன். வீட்டுக்குத் தூரமா வேற இருந்தேன்.”

பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“ஆத்தாவ வச்சு வெளையாடுற தைரியம் ஒனக்கு எங்கேருந்துலா வந்துச்சு?” பழனியாண்டி காறித் துப்பினார். துப்பியவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டுச்சில்ல? குடத்தக் கவுத்துங்க எல்லாரும்!”

கவிழ்த்தார்கள். அவள் தலையிலும் ஒருத்தி ஒரு குடத்தைக் கவிழ்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

பிறகு காத்திருப்பு. குடித்தால் அஞ்சு நாளுக்குள் தெரியும் என்று பரஞ்சோதி சொல்லியிருந்தார். பதினோரு பேர் வீட்டுக்கும் காலையும் மாலையும் போனாள். ராக்காயியைக் கண்ணைவிட்டு அகலவிடவில்லை. அவள் ஒதுக்குப்புறமாகப் போனால்கூட வாசலில் நின்று எண்ணினாள்.

“எத்தன தடவன்னு எழுதி வச்சிக்கடி, டிரெஸ்ஸர் கேப்பாரு,” என்று சிரித்தாள் ராக்காயி.

இரண்டாம் நாள் அந்தப் பதினோரு பேரில் ஒரு கிழவர் விழுந்தார். மூன்றாம் நாள் விடியலில் ராக்காயி. உப்புத் தண்ணீர் ஊசி நான்குதான் மிச்சம். கிழவருக்கு இரண்டு, ராக்காயிக்கு இரண்டு. கிழவர் பிழைத்தார்.

கண் உள்ளே போன முகத்தோடு ராக்காயி கேட்டாள்: “அன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் கட்டக் கூடாதா புள்ள?”

மருதம்மாள் ஈரத் துணியால் அவள் உதட்டை நனைத்தாள். மத்தியானம் ராக்காயியின் கண்ணை அவளே மூடினாள்.

மற்ற பத்துப் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ராக்காயி இடத்துக்கு மறுநாள் குணவதி என்ற பெண் வந்தாள். படிக்கத் தெரியாதவள். மருதம்மாள் தன் நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. வேலைக்கு வந்த ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி அன்றைய உத்தரவை வாயால் சொன்னாள். சொன்னதைத் திருப்பிச் சொன்னால்தான் உள்ளே விட்டாள்.

“காய்ச்சின தண்ணி, செவப்புத் தவலையில. கெணத்துத் தண்ணி தொடக் கூடாது. புரிஞ்சுதுக்கா,” என்றாள் குணவதி.

“புரிஞ்சுதுன்னு சொல்லாத. வார்டுல தாகம்னு அழுவுற புள்ளைக்கு நீ எதக் குடுப்ப, அதச் சொல்லு.”

குணவதி மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.