ஐம்பத்திரண்டு கிலோ

மாடம்பாக்கம் விஷ்ணுப்ரியா பதினாறு வயதில் டென்னிஸில் மாநில அரையிறுதி வரை போனவள். தோற்ற அன்று கோச் ஜெர்சன் சொன்னது இவ்வளவுதான்: "மூணாவது செட்ல கால் நகரவே இல்ல. கொஞ்சம் லைட்டாகணும்மா."

எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. வங்கி அதிகாரியான அப்பா ராஜாராமன்தான் முடிவு செய்தார். அறுபதிலிருந்து ஐம்பத்திரண்டு.

தினமும் காலையில் அவரே எடை பார்த்தார். நான்கு இட்லி இரண்டாகி, பிறகு ஒன்றானது. முதல் மூன்று கிலோ குறைந்தபோது அவள் கோர்ட்டில் பறந்தாள். ஒரு கோப்பையும் வாங்கினாள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கியதும் செர்வ் வலையில் விழ ஆரம்பித்தது.

"பவரே இல்லையே. ஒழுங்கா சாப்பிடறியா?" என்று ஜெர்சன் கேட்டார்.

"சாப்பிடறேன் சார்."

முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி இருந்ததை இரண்டு மாதம் மறைத்தாள். அடுத்த போட்டியில், வலையருகே விழுந்த பந்துக்கு ஓடியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எலும்பில் விரிசல்.

டாக்டர் பியூலா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "பீரியட்ஸ் கடைசியா எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

"எட்டு மாசம் ஆச்சு," என்றாள் விஷ்ணுப்ரியா. அம்மா ஸ்ரீவித்யா தலையைக் குனிந்துகொண்டாள். ஓடியாடுகிற பெண்களுக்கு அப்படித்தான் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தவள் அவள். ஐம்பத்திரண்டு கிலோவுக்காகச் சாப்பாட்டைக் குறைத்ததையும் விஷ்ணுப்ரியா சொன்னாள்.

"சாப்பாடு போதாம பீரியட்ஸ் நின்னா எலும்பும் பலமில்லாம போயிடும். ஐம்பத்திரண்டுன்னு யார் சொன்னது? கோச்சா?"

ராஜாராமன் குறுக்கிட்டார். "இல்ல டாக்டர். நெட்ல பார்த்தேன். ஒரு வெளிநாட்டு சாம்பியன். இவ ஹைட்தான். அவங்க வெயிட் போட்டிருந்தது."

"அது அவங்க உடம்பு சார். நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கி, இவ நல்லா ஆடறப்ப என்ன இருக்காளோ அதுதான் இவ வெயிட். அறுபதே சரியா இருந்திருக்கும்."

விஷ்ணுப்ரியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கோச் அப்பாவிடம் தனியாகச் சொன்ன கணக்கு என்றே அதுவரை நம்பியிருந்தாள்.

எலும்பு கூடுவதற்கு ஒன்பது மாதம் பிடித்தது. திரும்ப ஆடத் தொடங்கிய ஆறாவது வாரம் மற்ற காலிலும் விரிசல் கண்டது. அதோடு நிறுத்திவிட்டாள்.

இப்போது பி.காம். இரண்டாம் வருடம். அப்பாமேல் கோபமில்லை என்கிறாள். ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. அதனால் அவள் சாப்பிட்டு முடித்து, பெருங்களத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகுதான் ராஜாராமன் அறையைவிட்டு வெளியே வருகிறார்.