காளான் கொட்டகைக்கு வாங்கிய டிரான்ஸ்பார்மர்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஏசி ரிப்பேர் வேலையில் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பயந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம். எரிந்த சாமானைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், “இதே மாதிரி குடுங்க” என்று கேட்பதுதான் எங்கள் வழக்கம். சாம்பிள் கையில் இருந்தால் எனக்குத் தைரியம்.

இந்தச் சித்திரையில் சாணார்பட்டிப் பக்கம் சிப்பிக்காளான் வளர்க்கும் ஒரு பெண் போன் செய்தார். கொட்டகையைக் குளிர வைக்கும் மெஷின் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், தொங்கிய காளான் பைகளிலெல்லாம் மொட்டு விட்டிருந்தது.

“இன்னும் நாலு நாள்ல பறிக்கணும்ணே. போன தடவை வெயில்ல போச்சு. இதுவும் போனா எங்க வீட்டுக்காரரு கொட்டகையப் பிரிச்சிருவாரு.”

எரிந்திருந்தது கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர். வீட்டுக் கரண்டை இருபத்து நான்கு வோல்ட்டாகக் குறைத்து, மெஷினை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற சின்னச் சாமான்களுக்குக் கொடுப்பது அது. அதன்மேல் 20 விஏ என்று போட்டிருந்தது. அவ்வளவு சுமைதான் தாங்கும். தண்ணீர் தெளிக்கும் வால்வு ஒன்றையும் ஃபேனைப் போட்டு நிறுத்தும் ரிலே ஒன்றையும் யாரோ பிற்பாடு அதிலேயே சேர்த்திருந்தார்கள். பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாம்பிளைப் பையில் போட்டேன்.

திண்டுக்கல்லில் நான் வழக்கமாக வாங்குவது ஒரு பாய் கடையில்.

“இருபதும் இருக்கு, எழுபத்தஞ்சும் இருக்கு அப்பு. அதுல என்னென்ன மாட்டியிருக்கு?”

சொன்னேன்.

“அப்பப் பெருசக் கொண்டு போ. இது தாங்காது.”

“பெருசு போட்டா கரண்டு கூடப் போயி போர்டு எரிஞ்சிராதா பாய்?”

“பெரிய தொட்டி கட்டுனா குழாய் வெடிச்சிருமா? தொறந்த அளவுக்குத்தான தண்ணி வரும். பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் கேட்டுக்கிட்டு நின்னியா?”

புரிந்தது. நம்பத்தான் முடியவில்லை. மெஷினை இயக்கும் அந்தப் போர்டு போனால் புதுசு கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். அதற்குள் பைகள் அத்தனையும் என்னால் அழிந்ததாகிவிடும். இருந்த அளவிலேயே மாட்டினால், நானாக மாற்றியது என்று எதுவும் இருக்காது. இருபதே போதும் என்றேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. மாட்டியதும் மெஷின் ஓடியது. பொழுது சாயும்வரை டிரான்ஸ்பார்மரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் மதியம் போன். “மறுபடி நின்னுருச்சுண்ணே. கருகுன வாடை வருது.”

ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது. பாய் வெளியூர் போயிருந்தார். வேறு இரண்டு கடைகளையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். ஈரச் சாக்குகளைச் சுற்றிலும் கட்டி, இருட்டும்வரை இருவரும் தண்ணீர் தெளித்தோம். சூடு இறங்கவில்லை.

திங்கள் காலை எழுபத்தைந்தை வாங்கி மாட்டினேன். மெஷின் ஒழுங்காக ஓடியது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மொட்டுகள் மஞ்சளாகச் சுருங்கியிருந்தன. சில பைகளிலிருந்து அழுகல் நீர் சொட்டியது.

“தப்பு எம்மேலதாம்மா. கடைக்காரரு பெருசத்தான் எடுக்கச் சொன்னாரு.”

அவர் நீர் சொட்டிய ஒரு பையை இறக்கிக் கீழே வைத்தார்.

“எங்க வீட்டுக்காரருகிட்ட இதச் சொல்லாதீகண்ணே. சொன்னா மட்டும் கொட்டகைய விட்டுவச்சிருவாரா?”

பைகளை அவரோடு சேர்ந்து இறக்கி எருக்குழியில் கொட்டினேன். வைகாசியில் கொட்டகையைப் பிரித்தார்கள். மெஷினைக் கழற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனேன்.