‘ஸ்டஃப்’ என்று எழுதிய பெட்டி

ரொறொன்ரோவில், வீடு மாற்றும் லொறியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சில பெட்டிகளில் ‘ஸ்டஃப்’ என்று எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் என்னவென்று கூட வேலை செய்த அண்ணையிடம் கேட்டேன்.

"தட்டுமுட்டுச் சாமான், தம்பி. உடைஞ்சாலும் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

அன்று டோர்செட் பார்க் பகுதியில் ஒரு தமிழ் அன்ரியின் வீட்டைக் காலி செய்தோம். இடையில் அவர் தேத்தண்ணி தந்தார். பக்கத்தில் ‘ஸ்டஃப்’ பெட்டி ஒன்று இருந்தது. வசதியாக அதன்மேல் உட்கார்ந்தேன். பெட்டி அமுங்கி, உள்ளே ஏதோ நொறுங்கியது.

அன்ரி ஓடிவந்து திறந்தார். மடித்த சேர்ட்டுகள், ஒரு மணிக்கூடு, உடைந்த மூக்குக்கண்ணாடி. அவருடைய கணவர் இறந்து ஆறு மாதமாம். அண்ணை காதுக்குள் சொன்னார்.

மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. "ஸ்டஃப் எண்டுதானே அன்ரி எழுதிக்கிடக்கு?" என்றேன்.

"வேறை என்னத்தைத் தம்பி எழுதிறது?"

அவர் கோபத்தில் கேட்டாரா, உண்மையிலேயே தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

போன மாதம் என் அப்பா இறந்தபின் அவர் இருந்த அறையை நானே காலி செய்தேன். அவருடைய சேர்ட்டுகளை அடுக்கி மூடிய பெட்டியின் முன் மார்க்கர் பேனையுடன் வெகுநேரம் நின்றேன். கடைசியில் ஒன்றும் எழுதவில்லை. லொறியிலும் ஏற்றவில்லை. மடியில் வைத்துக்கொண்டு போனேன்.