பதினோராவது கணு

மெருகுக்காரி என்றால் அந்த அருங்காட்சியகத்தில் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு கிண்ணம் தண்ணீர், கரடுமுரடிலிருந்து பட்டு வரைக்கும் வரிசையாக அடுக்கிய உப்புத்தாள்கள். இருபத்தாறு வருஷமாக அங்கே உட்கார்ந்து அம்பர் தேய்த்தாள்.

எந்த யுகத்திலோ மரத்திலிருந்து வடிந்த பிசின், மண்ணுக்குள் கிடந்து இறுகிக் கல்லானால் அதுதான் அம்பர். வடிகிற சமயத்தில் அசட்டுத்தனமாக அந்தப் பக்கம் வந்த பூச்சி உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். அதன் முகம் தெரிகிற மாதிரி கல்லைத் தேய்த்து ஜன்னல் திறப்பது அவள் வேலை. கொசுவின் இமை வரைக்கும் தேய்ப்பாள் என்று மாடியில் பெருமையாகச் சொல்வார்கள். கொசுவுக்கு ஏது இமை என்று யாராவது கேட்டால், "அதான் தேய்ச்சுட்டாளே" என்பார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம். பத்து இழுப்பு, ஒரு பார்வை. பத்து முறை தேய்த்ததும் கல்லைத் துடைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். ஒரு நாள் எள்ளளவு வண்டு ஒன்று மாட்டிய கல் வந்தது; அதன் வலது உணர்கொம்பை மறைத்துக்கொண்டு ஒரு காற்றுக்குமிழி இருந்தது. பத்து இழுத்தாள், குமிழி முக்கால்வாசி கரைந்திருந்தது. இன்னும் கொஞ்சம்தானே என்று கை தானாகப் போயிற்று. பார்க்காமலே பதினைந்து இழுத்துவிட்டாள். பழக்க தோஷத்தில் கிண்ணத்து நீரையும் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து பார்த்தாள். குமிழி இல்லை. கொம்பின் நுனியும் இல்லை.

இந்த ஜாதி வண்டுகளின் கொம்பில் பதினோரு கணு இருக்கும். எண்ணினாள். பத்து. பத்தாவதின் முனை, சீவிய கீரைத்தண்டு மாதிரி தட்டையாக இருந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தாள். அதற்குள் கொம்பர் வந்துவிட்டார். வண்டுப் பேராசிரியருக்கு அதுதான் அங்கே பெயர். எதைப் பார்த்தாலும் முதலில் கொம்பை எண்ணுகிற மனுஷர். முப்பது வருஷமாக மற்றவர்கள் கண்டுபிடித்த வண்டுகளுக்குக் கணு எண்ணித் தந்தவர். தாமே ஒரு புது இனத்தை விவரித்துப் பெயர் வைத்ததில்லை. இந்த மாதக் கடைசியில் ஓய்வு.

குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"பத்தே கணுதாம்மா. அதுலயும் நுனியைப் பாரு, கத்தி வச்ச மாதிரி. இந்தக் குடும்பத்துல இப்படி ஒண்ணை எவனும் பார்த்ததில்ல. புது இனம்."

"சார்..."

"பேரும் தோணிடுச்சு. வெட்டுக்கொம்பன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை. அதைப் பார்த்ததும் அவள் வாய் தானாக மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. அறைக்கு இறங்கும் படிகள் பதினொன்று. இருபத்தாறு வருஷமாக இறங்கிய படிகள். இப்போது எண்ணினால் பத்துதான் வந்தது. பதினோராவதில் கால் வெறும் காற்றை மிதித்தது. இரண்டு முறை விழுந்தாள். வீட்டில் கூடவே இருந்த தங்கைக்காரி காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்க்கா, கல்லைத் தேய்ச்சுத் தேய்ச்சு இப்ப படியையும் தேய்ச்சுட்டியா?"

"வாயை மூடிட்டு காலைப் பிடிடி."

காலைவிட விரல்தான் பயமுறுத்தியது. வலது சுண்டுவிரலின் நுனிக் கணு மரத்துப் போனது. ஊசியால் குத்தினால் ரத்தம் வந்தது, வலி வரவில்லை. வண்டோ முதல் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் அவளைப் பார்த்தது. கல்லுக்குள் இருக்கும் வண்டு திரும்பாது என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். திரும்பிவிட்ட வண்டிடம் போய் அதை யார் சொல்வது?

புது இனத்தைப் பற்றிய கட்டுரையை அனுப்புகிற அன்று காலையில் கொம்பர் விவரணையை அவளுக்குப் படித்துக் காட்டினார். "உணர்கொம்பு பத்துக் கணு. நுனி தட்டையாக வெட்டுண்டது. இதுவே இந்த இனத்தின் தனி அடையாளம்."

"அந்த வெட்டு வண்டோடது இல்ல சார்," என்றாள். "என்னோடது."

அவர் தாளைக் கீழே வைத்தார். நாற்காலி கிறீச்சிட்டது.

"எத்தனை இழுப்பு?"

"பதினஞ்சு."

"பார்க்காமலா?"

"பார்க்காமத்தான்."

கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. "என் முப்பது வருஷத்துக்கு நீ அஞ்சு இழுப்பு அதிகமா போட்டுட்டம்மா," என்றார். பிறகு, "இடது கொம்பு?"

அது வண்டின் வயிற்றுக்கடியில், பால் மாதிரி கலங்கிய பகுதிக்குள் மடிந்து கிடந்தது. பின்பக்கமிருந்து தேய்த்துப் போக வேண்டும். கை பிசகினால் கொம்பு மட்டுமல்ல, வண்டே போய்விடும்.

"உன்னைத் தவிர யாரால முடியும்?" என்றார்.

"யாராலயும் முடியாது சார். என்னாலயும் முடியுமான்னு தெரியல."

"அப்ப நீதான் தேய்க்கணும்."

நான்கு நாள் தேய்த்தாள். பத்து இழுப்பு, ஒரு பார்வை. பிறகு ஐந்து. கடைசியில் ஓர் இழுப்பு, ஒரு பார்வை. மரத்த விரலை நம்பாமல் இடது கையால் தேய்த்தாள். கொம்பர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சு விடுவதற்கும் அவளிடம் கண்ணால் அனுமதி கேட்டார். நான்காம் நாள் மதியம் கலங்கல் விலகியது.

பதினோரு கணு. கடைசிக் கணு, வண்டின் உறவுக்காரர்கள் எவருக்கும் இல்லாத மாதிரி, முந்தைய இரண்டு கணுக்களின் நீளத்துக்கு வளர்ந்து, திருகிய கொடிச்சுருளாக நின்றது. கொம்பர் மூன்று முறை எண்ணினார். புது இனம்தான். வெட்டுக்கொம்பன் செத்தான், சுருள்கொம்பன் பிறந்தான்.

புதிய விவரணையில் ஒரு வரி சேர்ந்தது: வலது உணர்கொம்பின் நுனிக்கணு, மெருகிடும்போது இழக்கப்பட்டது.

"யாரால இழக்கப்பட்டதுன்னு இல்லையே சார்."

"அதெல்லாம் எழுதற வழக்கமில்லம்மா."

"எழுதுங்க."

"சும்மா இரு. வலதும் இடது மாதிரிதான் இருந்திருக்கும்."

"பார்த்தீங்களா?"

கொம்பர் பேனாவைத் திறந்து, அவளுடைய முழுப்பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். அவள் நின்று ஒருமுறை படித்தாள். வண்டு பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டதா என்று பார்க்க, மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். இல்லை. அது இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.