இறக்கத்தில் அணைத்த இன்ஜின்

எங்கள் வீட்டில் கிணற்று டீசல் இன்ஜினுக்கும் காருக்கும் ஒரே இன்ஜின் எண்ணெய்தான். அப்பா அதை இரண்டு விரல்களுக்கு நடுவே வெல்லப்பாகு போல இழுத்துப் பார்ப்பார். கம்பியாக நீண்டால் நல்ல எண்ணெய்.

அந்தப் பழைய டீசல் காரை அண்ணன் கம்பத்துக்கும் குமுளிக்கும் வாடகைக்கு ஓட்டினான். அது குடித்த டீசலைப் பார்த்து, தை பிறந்ததும் காரை விற்றுவிட்டு அண்ணனை ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு அனுப்புவதென்று அப்பா முடிவெடுத்திருந்தார். அண்ணனுக்கு ஸ்டியரிங்கை விட்டால் வேறு உலகம் கிடையாது.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துவிட்டு, இவ்வளவு கெட்டியான எண்ணெய் இன்ஜினை இழுத்துப் பிடிக்கும், இளகலானதை ஊற்றினால் டீசல் கொஞ்சம் மிச்சமாகும் என்றேன்.

"என்னலே, தண்ணியா இருக்கு! இதுல ஒரு அப்பளம் பொரியுமா?" என்றார் அப்பா.

"படிச்ச புள்ள சொல்லுதுல்ல, ஊத்தித்தான் பாருங்களேன்," என்றாள் அம்மா.

ஊற்றினோம். நான் சொன்ன 'கொஞ்சம்' மட்டும் யார் காதிலும் விழவில்லை.

சில நாட்களிலேயே மைலேஜ் நன்றாக ஏறிவிட்டதாக அண்ணன் சொன்னான். விற்கும் பேச்சை நிறுத்திய அப்பா, டீக்கடையில் என் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு உறுத்தியது. எண்ணெய் மாற்றி அவ்வளவு ஏறாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குமுளியிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். பின்னால் தோட்டத்து வேலை முடிந்து திரும்பும் பெண்கள். மலை இறக்கம் தொடங்கியதும் அண்ணன் இன்ஜினை அணைத்தான். டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. இன்ஜின் ஓடாவிட்டால் அந்த வண்டியில் பிரேக் மிதி இறுகிவிடும், லேசாக மிதித்தால் பிடிக்காது. வளைவில் அவன் சீட்டை விட்டு எழும்பி மிதித்தான்.

"என்னப்பா, வண்டி தூங்கிருச்சா?" என்றாள் பின்னாலிருந்த ஓர் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

"எப்ப இருந்துண்ணே இப்படி?"

"நீ எண்ணெய் மாத்துனதுல இருந்து. எல்லாரும் இப்படித்தான் எறக்குறாக. ஒன் சொல்லும் பொய்யாகக் கூடாதுல்ல."

"ஸ்டார்ட் பண்ணுண்ணே."

"அப்பாகிட்ட சொல்லிறாத."

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். எண்ணெயால் மிச்சமானது எவ்வளவு, இறக்கத்தில் அணைத்ததால் எவ்வளவு என்று அப்பா கேட்கவில்லை. காரை மட்டும் ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

தை பிறந்தது, கார் விலைபோனது. கம்பத்தில் தோட்டத்து ஜீப்பில் அண்ணன் ஏறினான். டிரைவர் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அவன் பின்னால் போய், நடுவில் உட்கார்ந்துகொண்டான்.