குழிக்கரையில் கொட்டிய மண்

மண் அறுந்து விழுந்த இடம் பூசிவிட்ட சுவர் மாதிரி வழவழவென்று இருந்தது. வெட்டிய மண்ணில் மண்வெட்டித் தடம் இருக்கும். அதில் ஒரு தடமும் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டிய கோடை அது, இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்பு. நான் புது ஓவர்சியர். நாலெழுத்துப் படித்த திமிர் நன்றாகவே இருந்தது.

குழியில் வெட்டியவன் வத்திராயிருப்புக்காரன். மண் சுமந்த சித்தாள் அவன் பெண்டாட்டி. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. தோண்டிய மண்ணைப் பத்தடி தள்ளித்தான் கொட்ட வேண்டும், கரையில் பாரம் ஏறக் கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். அந்த வெயிலில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மேஸ்திரி சுண்ணாம்பு வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்த அன்று, "இங்கனயே கரையோரமாக் கொட்டும்மா, அம்புட்டுத் தூரம் நடக்காத" என்றேன்.

"மேஸ்திரி வைவாரு சின்னய்யா."

"நாஞ் சொல்றேம்ல, கொட்டு."

இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நின்ற கரிசல் சுவர். கடப்பாரைக்கே மசியாத இறுக்கம். அது சரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் மலைப்பக்கமிருந்து மழை வந்து கொட்டித் தீர்த்தது. காலையில் கரையை ஒட்டி நீளவாக்கில் ஒரு வெடிப்பைப் பார்த்தேன். கோடையில் கரிசல் வெடிப்பது எங்கள் பக்கத்துச் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். தாண்டி நடந்தே பழகிவிட்டோம். நானும் தாண்டிப் போனேன். மழை பெய்தால் வெடிப்பு மூட அல்லவா வேண்டும், இது ஏன் புதிதாகத் திறந்திருக்கிறது என்று செத்த நேரம் நின்று யோசித்திருக்கலாம். நான் நிற்கவில்லை. அவன் குழிக்குள் இறங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கரை அப்படியே சரிந்து அவனை மூடியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நாங்கள் தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை.

காய்ந்த மண் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது, தண்ணீர் புகுந்து மேலே பாரமும் ஏறினால் அந்தப் பிடி ஓரிடத்தில் அறுந்து வழுக்குகிறது என்பதைப் பிற்பாடு ஒரு சோதனைச் சாலையில், பெட்டிக்குள் மண்ணை வைத்து அறுத்துக் காட்டினார்கள். எல்லாரும் அளவு குறித்துக்கொண்டார்கள். நான் வெளியே வந்து அழுதேன்.

கரை சரிந்த மறுநாள் எல்லாரையும் நிறுத்தி வைத்து மேஸ்திரி கேட்டார்: "கரையில கொட்டச் சொன்னது யாரு?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல. ஏலாம நானாத்தான் கொட்டினேன்."

புருஷனைத் தின்றவள் என்று அங்கேயே ஒருத்தி சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார்கள். பஸ் ஏறும் இடம் வரை பின்னாலேயே போய், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"எனக்குன்னு பாவம் பாத்தது நீங்க ஒருத்தருதான் சின்னய்யா. ஒங்களையும் தொலைக்கவா?" என்றாள்.

அதன் பிறகு எத்தனையோ குழிகளுக்குக் கரை பார்த்துக் கொடுத்துவிட்டேன். நான் நின்று தோண்டிய குழி ஒன்றுகூடச் சரிந்ததில்லை என்று இன்றைக்கும் என்னைப் பெருமையாகச் சொல்கிறார்கள். முதல் குழியை அவள் சுமந்துகொண்டு போய்விட்டாள்.