நாடு கண்டுபிடிப்பவர்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. ஊறிய தோல்களைத் தொட்டியிலிருந்து எடுத்துப் போடுவார். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மடித்துவிடவில்லை. தோலில் விழுந்த கறை ஏதாவது நாட்டின் வரைபடம்போல இருந்தால், செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வாராம். ஒவ்வொன்றாகக் காட்டி, "இது இன்னா நாடு சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இத்தாலியையும் இலங்கையையும் உடனே சொல்லிவிட்டேன்.

அடுத்த படத்தில் கருஞ்சிவப்பாக, ஓரமெல்லாம் வெடித்து, ஒரு பெரிய கறை.

"ஆஸ்திரேலியா!" என்று உற்சாகமாகக் கத்தினேன். "ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா?"

"என் தோலு சார். மருந்துத் தண்ணி பட்டு பட்டு கை இப்டி ஆய்டுச்சு. போன மாசம் இலங்கை சைசுதான் இருந்துச்சு."

பள்ளிகொண்டாவில் இறங்கும்போது, எல்லாவற்றையும் சரியாகச் சொன்னதாக என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.